தபால் பெட்டியில் அவள் பெயரும் இருக்கட்டும்

பிரான்ஸில் இயங்கும் புதுவை, காரைக்கால் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீட்டில் வைத்துப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்யாணம் நிச்சயமான பெண்கள், இல்லையென்றால் கல்யாணம் முடிந்து விசாவுக்காகக் காத்திருக்கும் பெண்கள். மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். சார்செல், கார்ஜ், எவ்ரி என்று பாரிஸைச் சுற்றியுள்ள ஊர் ஒன்றில் இருப்பார். பெண் நெல்லிக்குப்பத்திலோ பாகூரிலோ வில்லியனூரிலோ பிறந்து, ஒரு டிகிரி முடித்து, இதுவரை சென்னையைத் தாண்டாதவளாக இருப்பாள். நானும் அப்படிக் கல்யாணமாகிப் போய், அங்கே பல வருடம் குடும்பம் நடத்திவிட்டு ஊருக்குத் திரும்பியவள்தான். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

உங்கள் சங்கங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பொங்கலைக் கொண்டாடுகிறீர்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறீர்கள், ஊரில் யாராவது இறந்துபோனால் டிக்கெட் எடுக்கப் பணம் திரட்டுகிறீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்ட பிறகு, பிரான்ஸிலிருந்து வந்த பணத்தில் கூரை மாற்றிய வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. இத்தனையும் செய்கிற உங்களிடம் இன்னும் ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். புதிதாக வந்து இறங்குகிற பெண்ணுக்கு, முதல் மூன்று மாதத்துக்குள் அவள் பெயரிலேயே காகிதங்கள் உண்டாக உதவுங்கள். கணவர் பெயரில் எல்லாம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதற்கு வழிகாட்டத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதுங்கள், மாதம் ஒரு நாள் உதவி மேசை போடுங்கள்.

ஏன் இதைச் சங்கங்களிடம் கேட்கிறேன், அந்தந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளாதா என்று நினைக்கலாம். குடும்பத்துக்கு மனசு இருக்கிறது, விவரம் இல்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது.

உங்களில் மூத்தவர்கள் பிரான்ஸுக்கு வந்த கதை வேறு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுவையில் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் இந்தியாவும் பிரான்ஸும் செய்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அப்போது கொடுத்த ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. சொல்தாவாகப் பட்டாளத்தில் சேர்ந்து போனவர்கள், அப்பாவின் குடியுரிமையால் போனவர்கள், எல்லோருமே அந்த மண்ணில் கால் வைக்கும்போதே பிரெஞ்சுக்காரர்கள். வதிவிட அட்டைக்காகப் பிரெஃபெக்த்தூர் என்ற மாவட்ட அரசு அலுவலகத்தின் வாசலில் நிற்கவில்லை. மொழித் தேர்வு எழுதவில்லை. குடியேறிகளுக்கான ஓஃபி அலுவலகத்திலிருந்து யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஆனால் அதே வீட்டுக்கு இன்று வருகிற மருமகள் வெளிநாட்டவள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு, நீண்டகால விசாவோடு வருகிறாள். அவளுக்கு உள்ள நடைமுறைகளில் பாதிகூட அந்த வீட்டில் யாரும் அனுபவித்ததில்லை.

மாமியார் நல்ல மனதோடுதான் சொல்வார்: "அதெல்லாம் ஒன்னும் வேணாம்மா, நாங்க வந்தப்ப யாரும் எதுவும் கேக்கல." உண்மைதான், அவரிடம் கேட்கவில்லை. மருமகளிடம் கேட்பார்கள். அவளுடைய விசா, வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் பதியப்பட வேண்டும். பதியாமல் விட்டால் அந்த விசா வதிவிட அட்டையாகச் செல்லாது. விருந்து, மறுவீடு, கோயில், சொந்தக்காரர் வீடு என்று சுற்றி முடிப்பதற்குள் அந்த மூன்று மாதம் ஓடிப்போய்விடுகிறது.

இந்த விஷயத்தில் நம்மைவிட விவரம் தெரிந்தவர்கள் ஈழத் தமிழர்கள். அவர்கள் அகதிகளாக வந்தவர்கள். ஒவ்வொரு அலுவலகத்தின் வாசலிலும் குளிரில் நின்று, ஒவ்வொரு படிவத்தையும் தாங்களே நிரப்பிப் பழகியவர்கள். பாரிஸில் லா ஷப்பேல் பகுதியிலுள்ள அவர்கள் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கத் தெரிந்த நமக்கு, அவர்களிடம் இந்த அனுபவத்தையும் கேட்டு வாங்கத் தோன்றவில்லை. நம் சங்கமும் அவர்கள் சங்கமும் ஒரே நகரத்தில் தனித்தனியாக விழா நடத்திக்கொண்டிருக்கின்றன. நான் அங்கே இருந்தபோது எனக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுத்தது பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அக்காதான். கையேடு எழுதும் குழுவில் அப்படி ஓர் அக்காவை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அவள் பெயரில் காகிதம் என்று நான் சொல்வது எங்கே தொடங்குகிறது என்றால், தபால் பெட்டியில்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் நுழைவாயிலில் வரிசையாகத் தகரப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு பெயர்த் துண்டு. அதில் கணவரின் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும், பல வீடுகளில் மாமனார் பெயர் மட்டும். நம் ஊரில் "மாரியம்மன் கோயில் தெரு, ரேஷன் கடை எதிர்வீடு" என்று எழுதினாலே கடிதம் வந்து சேரும், தபால்காரருக்கு எல்லோரையும் தெரியும். அங்கே அவர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். உறையில் உள்ள பெயர் பெட்டியில் இல்லையென்றால், இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை என்று ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். ஓஃபி அலுவலகத்தின் அழைப்பு, அரசு மருத்துவக் காப்பீட்டு எண் வந்த கடிதம், வங்கி அட்டையின் ரகசிய எண், எல்லாம் தபாலில்தான் வரும். அதுவும் இந்தப் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயருக்கு வரும்.

என்னிடம் படித்துப் போன ஒரு பெண் மாதக்கணக்கில் எந்தக் கடிதமும் வரவில்லை என்று அழுதாள். அலுவலகத்தில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், வீட்டில் கேட்டால் ஒன்றும் வரவில்லை என்கிறார்கள். பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மாமனார் பெயர் மட்டும் அழகாகப் பொறித்திருந்தது. அன்று சாயங்காலமே ஒரு காகிதத் துண்டில் தன் முழுப்பெயரை எழுதி செலோ டேப் போட்டு ஒட்டினாள். அதற்குப் பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. அதற்குள் ஓஃபி கொடுத்திருந்த தேதி ஒன்று போய்விட்டிருந்தது, அதைத் திரும்ப வாங்க அவள் அலைந்தாள். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத காரியத்தைச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

அடுத்தது மின்கட்டண ரசீது. பிரான்ஸில் முகவரிச் சான்று என்றால் முதலில் கேட்பது அதைத்தான். அதில் கணவரின் பெயரோடு மனைவியின் பெயரையும் சேர்க்க மின் நிறுவனத்துக்கு ஒரு போன் போதும், இணையக் கணக்கு வழியாகவும் செய்யலாம். சேர்த்துவிட்டால் வங்கி, காப்பீடு, நூலகம், பிரெஞ்சு வகுப்பு எங்கே போனாலும் அந்த ஒரு தாளைக் காட்டலாம். மாமனார் வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்தால் வழி வேறு. இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டையின் நகல், அவர் பெயரில் உள்ள ரசீது, மூன்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மனைவி பெயரை ரசீதில் சேர்ப்பதைச் சில வீடுகளில் சொத்தில் பங்கு எழுதுவதுபோலப் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி நீங்கள் சொல்ல வேண்டும். விசாவின் முதல் வருடம் முடிந்து அட்டையைப் புதுப்பிக்கும்போது, கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். இருவர் பெயரும் போட்ட மின்கட்டண ரசீது, வீட்டு வாடகைப் பத்திரம், கூட்டு வங்கிக் கணக்கு, வருமான வரித் தாள் இவைதான் அந்த ஆதாரம். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. பெயர் சேர்ப்பது மகனுடைய குடும்பம் நிலைப்பதற்கு என்று சொன்னால் எந்த மாமனாரும் கேட்டுக்கொள்வார்.

வங்கிக் கணக்கிலும் இதே பிடிவாதம் வேண்டும். கூட்டுக் கணக்கு இருக்கட்டும், அவளுக்கென்று தனியாக ஒன்றும் இருக்கட்டும். ஒரு வங்கி மறுத்தால், மறுத்ததற்கு எழுத்தில் ஒரு தாள் வாங்கிக்கொண்டு பாங்க் து பிரான்ஸ் என்ற மத்திய வங்கிக்கு விண்ணப்பிக்கலாம். பிரான்ஸில் வசிக்கிற யாருக்கும் ஒரு கணக்குக்கு உரிமை உண்டு. எந்த வங்கி திறந்துகொடுக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். 2021 டிசம்பர் 24-ஆம் தேதிச் சட்டத்துக்குப் பிறகு, வேலை செய்கிறவரின் பெயர் உள்ள கணக்கில்தான் சம்பளத்தைப் போட முடியும். தனிக் கணக்கோ கூட்டுக் கணக்கோ, அதில் அவள் பெயர் இருக்க வேண்டும். கணவர் மட்டும் வைத்திருக்கும் கணக்கில் போடச் சொல்வது இனி நடக்காது. குடும்ப விசாவில் வந்தவளுக்கு வேலை செய்யும் உரிமை முதலிலிருந்தே உண்டு என்பதையும் கையேட்டில் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். பி.காம்., பி.எஸ்சி. படித்துவிட்டுப் போகிற பெண்கள் பலர், தங்கள் பட்டத்தை எனிக்-நாரிக் என்ற மையத்தில் ஒப்பிட்டுச் சான்று வாங்கலாம் என்பது தெரியாமலேயே வீட்டோடு இருந்துவிடுகிறார்கள்.

இனி, பெயர். இதில் இங்கே, புறப்படும் முன்னாலேயே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

புதுவையில் 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி அரசாணைப்படி தங்கள் வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள், பிரெஞ்சு முறைப்படி ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களுக்குப் பெயர்ச் சிக்கல் அன்றே தீர்ந்தது. கடலூர்ப் பெண்ணுக்குக் குடும்பப் பெயர் ஏது? ஓர் இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் இருக்காது, சிலருக்குப் பெயரே சேர்த்திருக்காது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்த இடமே காலியாக இருக்கும். காலியாக விட்டால் பிரான்ஸில் ஒவ்வோர் அலுவலகமும் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். ஒரே பெண் மூன்று அட்டைகளில் மூன்று பேராக இருப்பாள்.

இதற்கு மேல், கல்யாணம் ஆனவுடன் பாஸ்போர்ட்டில் கணவரின் குடும்பப் பெயருக்கு மாற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். பிரான்ஸ் போகிற பெண்ணுக்கு வேண்டாத வேலை அது. அங்கே ஒருவரின் பெயர் என்றால் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர்தான், 1794-இல் புரட்சிக் காலத்தில் வந்த சட்டம் அது. கணவரின் பெயரைப் பக்கத்தில் பயன்பாட்டுப் பெயராகச் சேர்த்துக்கொள்ளலாம், பிறந்த பெயர் போகாது. பாஸ்போர்ட்டில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று இருந்தால் காப்பீட்டு எண் கிடைப்பது இழுத்துக்கொண்டே போகும். கடலூர் மாநகராட்சியிலோ புதுவை நகராட்சியிலோ பிறப்புச் சான்றிதழைச் சரிபார்த்து, பெயர் சேர்த்து, அப்பா அம்மா பெயரின் எழுத்துகளைப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகச் செய்து, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்தில் முத்திரை வாங்கி, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் பெயர்த்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். கல்யாணத் தேதி குறித்த அன்றே இந்த வேலையைத் தொடங்கினால்தான் சரிப்படும். அங்கே போன பிறகு அப்பா இங்கே அலுவலகம் அலுவலகமாக அலைவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

காப்பீட்டு எண் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பெண்களுக்கு நிரந்தர எண் 2-இல் தொடங்கும். அதன் பிறகு பிறந்த வருடம், மாதம், வெளிநாட்டில் பிறந்ததற்கு 99, இந்தியாவுக்கு 223 என்று வரும். முதலில் கொடுப்பது 8-இல் தொடங்கினால் அது தற்காலிக எண் என்று புரிந்துகொள்ளலாம். அதை வைத்து மருத்துவம் பார்க்கலாம், ஆனால் கார்த் வித்தால் என்ற பச்சை நிறக் காப்பீட்டு அட்டை நிரந்தர எண் வந்த பிறகுதான் வரும். இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை பேர் குழம்புகிறார்கள்! எண் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள், அட்டை வராததால் திரும்பக் கவலைப்படுவார்கள்.

மருத்துவர் விஷயமும் அப்படித்தான். ஒரு மருத்துவரைத் தன் குடும்ப மருத்துவராகப் பதிந்துகொண்டால் காப்பீடு கட்டணத்தில் 70 சதவீதம் திருப்பிக் கொடுக்கும். பதியாமல் போனால் 30 சதவீதம்தான். மருத்துவரிடம் நேரம் பதிவு செய்யும் தோக்தோலிப் செயலியில் மருத்துவர் என்னென்ன மொழி பேசுவார் என்பதும் போட்டிருக்கும். கர்ப்பம் என்று தெரிந்தால் மூன்றாம் மாதம் முடிவதற்குள் காப்பீட்டு அலுவலகத்துக்கும், குடும்ப உதவித்தொகை தரும் காஃப் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆறாம் மாதத்திலிருந்து மருத்துவச் செலவை முழுதும் காப்பீடே ஏற்கிறது. ப்பே-எம்-ஈ என்று தாய்சேய் நல மையம் ஒவ்வொரு பகுதியிலும் உண்டு, அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் அந்தப் பெண், மருத்துவரிடம் போகும்போது மொழிபெயர்க்கக் கணவரோ மாமியாரோ மட்டுமே இருக்கும் நிலை நல்லதல்ல. சில விஷயங்களை அவர்கள் வழியாகச் சொல்ல முடியாது. உங்கள் சங்கத்தில் இரண்டு மூன்று பெண்கள், நாங்கள் கூட வருகிறோம் என்று முன்வந்தால், அது எந்த மேடை நிகழ்ச்சியையும்விடப் பெரிய சேவை.

மொழிக்கு வருகிறேன், ஏனென்றால் இது என் தொழில். ஓஃபி அலுவலகத்தில் ஒப்பந்தம் போட்டு, மொழியறிவைச் சோதித்து, 4 நாள் குடிமைப் பயிற்சி கொடுப்பார்கள். இதெல்லாம் இலவசம். முன்பு வகுப்புக்கு ஒழுங்காகப் போனாலே ஒப்புக்கொள்வார்கள். 2024 ஜனவரி 26-ஆம் தேதிச் சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 தொடக்கத்திலிருந்து, பல ஆண்டு வதிவிட அட்டைக்குப் பிரெஞ்சு மொழியறிவில் ஏ2 நிலைத் தேர்ச்சியும் குடிமைத் தேர்வும் வேண்டும். 10 ஆண்டு அட்டைக்கு அடுத்த நிலையான பி1, குடியுரிமைக்கு அதற்கும் மேலான பி2. நம் வீடுகளில் இன்னும், "கல்யாணமாகி நாலு வருஷம் ஆனா நேஷனாலிட்டி வந்துடும்" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். நாலு வருடம் ஆனால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். பி2 என்றால் ஒரு செய்தித்தாள் கட்டுரையைப் படித்துத் தன் கருத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டுக்குள்ளேயே தமிழ் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தால் அது வராது.

ஆகவே இங்கே விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே அலியான்ஸ் பிரான்சேஸில் தெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதிவிட்டு வரச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. நான் ஆசிரியை என்பதால் வியாபாரத்துக்காகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். என்னிடம் வர வேண்டும் என்றும் இல்லை. 1889-லிருந்து புதுவையில் நடக்கிற நிறுவனம் அது, கடலூரிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம்.

அட்டையைப் புதுப்பிக்க, முடிவதற்கு 4 மாதம் முன்னாலிருந்து 2 மாதம் முன்னால்வரை என்று ஒரு கால அளவு உண்டு. அதைக் காலண்டரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், போதும்.

இந்தக் காரியங்களுக்கெல்லாம் காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருகிறவர்கள் நம்மவர்களிலேயே இருக்கிறார்கள். எங்கள் மாணவி ஒருத்தி, இலவசமாகச் செய்ய வேண்டிய ஒரு பதிவுக்கு ஒருவரிடம் கணிசமான தொகை கொடுத்தாள், அவர் அவளுடைய மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் அவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. பிரான்ஸ் செர்விஸ் என்று அரசே திறந்து வைத்த உதவி மையங்கள் இருக்கின்றன, காப்பீடு, காஃப், வரி எல்லாவற்றுக்கும் கணினி முன்னால் உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள். பல மேரிகளில், அதாவது நகராட்சி அலுவலகங்களில், கடிதம் எழுதிக்கொடுக்கவே ஓர் ஆள் குறிப்பிட்ட நாளில் உட்கார்ந்திருப்பார், அதற்கும் கட்டணம் இல்லை. புதுவைக்காரர்களுக்கு மேரி என்றால் கடற்கரைச் சாலையில் இருக்கும் கட்டடம் என்று மட்டும் தெரியும். அங்கே அது தினமும் போய்வருகிற இடம் என்று புதிதாக வருகிறவளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று உங்களில் ஒருவர் என்னிடம் தயங்கினார். நான் எழுத வேண்டும் என்கிறேன். 15 மருத்துவ அவசரம், 17 போலீஸ், 18 தீயணைப்பு, 112 எல்லாவற்றுக்கும் என்று போடுகிற அதே பக்கத்தில் 3919 என்ற எண்ணையும் போடுங்கள். வீட்டில் அடி உதை வாங்குகிற பெண்கள் பேசுவதற்கான எண் அது. இலவசம், பெயர் சொல்ல வேண்டியதில்லை, இரவும் பகலும் எடுப்பார்கள். அதோடு, வன்முறையால் கணவரை விட்டு வர நேர்ந்த பெண்ணின் வதிவிட அட்டையை அந்தக் காரணத்துக்காகப் பறிக்கக் கூடாது என்று சட்டமே சொல்வதையும் எழுதுங்கள். "போலீசுக்குப் போனா உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்ற ஒரு வாக்கியத்தை நம்பி வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்த பெண்ணை எனக்குத் தெரியும். குடும்பத்தைப் பிரிக்கிற வேலை என்று பேச்சு வரும் என்றார் அவர். வரட்டும். நல்ல குடும்பத்துக்கு அந்த எண் எந்தக் கெடுதலும் செய்யாது. பாஸ்போர்ட்டை அவளே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அங்கேயே சேருங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டுவது பாசமாகவே இருந்தாலும் வேண்டாம்.

தனிமையைப் பற்றியும் கொஞ்சம். குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் பிரான்ஸுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கணவர் வேலை முடிந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருப்பார். அப்போது அம்மாவுக்குப் போன் போட்டால் இங்கே ஒன்பதரை, பத்து, பேசுகிறவருக்குத் தூக்கம் வந்துவிடும். அந்த நேரத்தில்தான் பெண்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். பேச்சு படிவத்தில் தொடங்கும், ஆனால் படிவத்தில் முடியாது. பக்கத்தில் இருக்கிற ஒருத்தி ஒரு முறை கூட்டிக்கொண்டு போய் ரயில் அட்டை எடுக்கவும், சந்தையில் காய் வாங்கவும், நூலகத்தில் உறுப்பினராகவும் காட்டிக்கொடுத்தால் போதும், அடுத்த வாரம் தானே போய்விடுவார்கள். சுறுசுறுப்பான பெண்கள்தான் எல்லோரும்.

நான் கேட்பது பெரிய புத்தகம் இல்லை. தமிழில் இருபது பக்கம், எளிமையாக. ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லையும் படிவத்தில் இருக்கிறபடி பிரெஞ்சிலும், பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழிலும் போடுங்கள், அலுவலகத்தில் வாய் திறந்து கேட்க அது உதவும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எந்த வருடம் சரிபார்த்தது என்று எழுதுங்கள். விதி மாறிக்கொண்டே இருக்கிறது, பழைய தகவல் தகவல் இல்லாததைவிட ஆபத்து. ஆண்டுதோறும் ஜனவரியில் திருத்துவதற்கு ஒருவர் பெயரைச் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். குழுவாகச் செய்வோம் என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள், இது எல்லாச் சங்கத்துக்கும் தெரிந்த கதை.

அப்புறம், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிற அதே கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மேசை போடுங்கள். ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்கேனர், பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த இரண்டு இளைஞர்கள். உங்கள் பிள்ளைகள் அங்கேயே பிறந்து படித்தவர்கள், இந்தப் படிவங்கள் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்களுக்குத் தமிழ் தடுமாறும், வருகிற பெண்களுக்குப் பிரெஞ்சு தடுமாறும். எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு பக்கத்துக்கும் லாபம். வரும்போது கணவர் கூட வரட்டும், ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் கடவுச்சொல் வைப்பதும் அவளே செய்யட்டும்.

புதுவையிலும் கடலூரிலும் விநியோகிப்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பிரெஞ்சுக் கொன்சுலாவைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகள், மொழிபெயர்ப்பாளர்கள், டிராவல்ஸ்காரர்கள், கல்யாணத் தரகர்கள் எல்லோரையும் எனக்குப் பழக்கம். அச்சடிக்கப் பணம் அனுப்ப வேண்டாம், வாட்ஸப்பில் அனுப்பினாலே போய்ச் சேர்ந்துவிடும். வரைவை எந்தத் தமிழில் எழுதி அனுப்பினாலும் பரவாயில்லை. பிழை திருத்தி, தட்டச்சு செய்து, என் மாணவிகளிடம் படிக்கக் கொடுத்து, புரியாத இடங்களைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

தை மாதக் கல்யாணங்கள் முடிந்து, பதிவு நடந்து, விசா கைக்கு வந்து, சித்திரை, வைகாசி வாக்கில் ஒரு கூட்டம் கிளம்பும். அதற்கு முன்னால் நாலு பக்கமாவது தயாராகிவிட வேண்டும். முதல் பக்கத்தில் விசாப் பதிவை வையுங்கள், அதற்குத்தான் கெடு இருக்கிறது. இரண்டாவதில் பெயரும் முகவரியும். மூன்றாவதில் மருத்துவம். நாலாவதில் அந்தத் தொலைபேசி எண்கள். மற்றதை ஆடிக்குள் முடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் உங்கள் சகோதரி
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்